கேட்டதை எழுதும் வேலை

பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், நாள் முழுக்க நிரல் எழுதுகிறேன் என்றுதான் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நிரலும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறர் பேசியதைக் கேட்பதிலும், கேட்டதை எப்படி எழுதுவது என்று மற்றவர்களோடு விவாதிப்பதிலும்தான் கழிந்தது. அதுவும் என் தாய்மொழியில் அல்ல, ஜப்பானியத்திலும் சீனத்திலும். ஒருவர் ஜப்பானியத்தில் பேசினால் எதிரில் இருப்பவர் அதைச் சீனத்தில் கேட்கவும், அவர் சீனத்தில் சொல்லும் பதிலை இவர் ஜப்பானியத்தில் கேட்கவும் வழிசெய்ய இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து உழைத்த காலம் அது. அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததை இன்று இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதிவைக்க விரும்புகிறேன்.

கெய்ஹன்னா

கியோட்டோ, ஒசாகா, நாரா மாகாணங்கள் ஒன்றையொன்று தொடும் குன்றுப் பகுதியில் கெய்ஹன்னா என்ற அறிவியல் நகரம் இருக்கிறது. மூங்கில் தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே ஆய்வுக்கூடங்கள் எழும்பிய இடம். ஏடிஆர் என்ற ஆய்வு நிறுவனம் 1986-இல் தொடங்கப்பட்டு, பிறகு இங்கே இடம்பெயர்ந்தது. தொலைபேசியில் பேசும்போதே மொழிபெயர்த்துத் தரும் கருவியை உருவாக்குவது அதன் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று. 1993 ஜனவரியில் ஜப்பானையும் அமெரிக்காவையும் ஜெர்மனியையும் இணைத்து அப்படியொரு சோதனை நடந்தது. ஒருவர் தம் மொழியில் பேச, மறுமுனையில் இருந்தவர் தம் மொழியில் கேட்டார். பேச்சுப்பொருள் மிகவும் குறுகியது: சர்வதேச மாநாடு ஒன்றில் கலந்துகொள்ளப் பெயர் பதிவுசெய்வது. ஆனாலும் வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் தாங்கள் தனித்தனியே கட்டிய கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க முடியும் என்பது அன்று உறுதியானது. சி-ஸ்டார் என்ற அந்தக் கூட்டமைப்பில் பின்னர் கொரியா, இத்தாலி, பிரான்ஸ் நாட்டு ஆய்வகங்களும், பெய்ஜிங்கிலுள்ள சீன அறிவியல் கழகத்தின் தானியக்க ஆய்வு நிறுவனமும் சேர்ந்தன.

மேற்படிப்புக்காக ஜப்பானுக்குப் போன நான் அந்த வட்டாரத்து ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தபோது, மாநாட்டுப் பதிவு என்ற எல்லை பயணம் என்ற எல்லையாக விரிந்திருந்தது. விடுதியில் அறை கேட்பது, ரயிலுக்கு வழி கேட்பது, உணவகத்தில் கணக்கு முடிப்பது, தொலைந்த பையைப் பற்றிப் புகார் சொல்வது போன்ற பயணத் தொடர்களைப் பல மொழிகளில் திரட்டி வைத்திருந்தார்கள். 2004-இல் கியோட்டோவில் முதல்முறையாக நடந்த பேச்சு மொழிபெயர்ப்புப் பயிலரங்கில், அந்தத் திரட்டிலிருந்து 20,000 வாக்கியங்களைப் பொதுப் பயிற்சித் தரவாக வைத்து, சீனத்திலிருந்தும் ஜப்பானியத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் கருவிகளை ஒரே அளவுகோலில் அளந்தார்கள். ஒவ்வொரு சோதனை வாக்கியத்துக்கும் 16 வரையான மொழிபெயர்ப்புகள் மனிதர்களால் எழுதப்பட்டிருந்தன. ஒரு வாக்கியத்துக்குச் சரியான விடை ஒன்றுதான் என்று கொள்ளாத அந்த அணுகுமுறை என் மனத்தில் ஆழப் பதிந்தது. பேச்சை எழுத்தாக்கும்போதும் இதே கேள்வி வரும் என்பது பிறகு தெரிந்தது.

சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் இடையே ஆங்கிலத்தை நிறுத்தாமல் நேரடியாக மொழிபெயர்க்க வேண்டும் என்பதில் எங்கள் குழு பிடிவாதமாக இருந்தது. அதற்கு இலக்கணக் காரணம் இருக்கிறது. சீனரும் ஜப்பானியரும் எழுவாயைச் சொல்லாமலே பேசுவார்கள். ‘நாளை போகிறீர்களா?’ என்பதில் வரும் ‘நீங்கள்’ பேச்சில் ஒலிக்காது. சூழலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் வழியே போனால் நானா, நீயா, அவரா என்று கருவி எதையாவது ஊகித்துச் சேர்த்தாக வேண்டும். தவறாகச் சேர்த்த எழுவாய் அடுத்த மொழிக்கும் போய்விடும். ஜப்பானிய வினைமுடிவில் இருக்கும் மரியாதைப் படிநிலையும் அந்த இடைவழியில் உதிர்ந்துபோகும். எழுத்து மொழியிலும் இதே எண்ணத்தோடு வேலை நடந்தது: 2006 முதல் 2010 வரை நடந்த ஜப்பான்–சீன மொழிபெயர்ப்புத் திட்டத்தின் பயனாக, அறிவியல் கட்டுரைகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ 6,80,000 நேரடி வாக்கிய இணைகள் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன.

காது பழகிய கதை

ஜப்பானியத்தைக் கேட்கத் தமிழ்க் காது பெரிதும் உதவியது. ‘ஒபஸன்’ என்றால் சித்தி வயதுப் பெண்மணி. ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. ‘கிதே’ என்றால் ‘வந்து’. ‘கித்தே’ என்றால் தபால்தலை. என்னோடு வேலை பார்த்த ஐரோப்பிய நண்பர்கள் இந்த நீளவேறுபாட்டைப் பிடிக்கச் சிரமப்பட்டார்கள். குறிலையும் நெடிலையும் ஒற்றையும் மாத்திரைக் கணக்கோடு படித்து வளர்ந்த எனக்கு அது இயல்பாக வந்தது. ஜப்பானியர் மோரா என்று எண்ணும் அலகு நம் மாத்திரைக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு வேறுபாடு உண்டு: நம் இலக்கணம் ஒற்றுக்கு அரை மாத்திரை தரும், ஜப்பானியத்தில் இரட்டிக்கும் மெய்யின் நிறுத்தமும், சொல்லிறுதி ‘ன்’ ஒலியும் ஒவ்வொரு முழு மோரா.

சுருதிதான் கடினம். டோக்கியோப் பேச்சில் ‘ஹஷி’ என்ற சொல்லின் முதல் மோரா உயர்ந்து அடுத்தது தாழ்ந்தால் அது உணவுக் குச்சி. முதலில் தாழ்ந்து பிறகு உயர்ந்தால் பாலம். நாங்கள் இருந்ததோ கன்சாய் வட்டாரம். கியோட்டோவிலும் ஒசாகாவிலும் இது அப்படியே தலைகீழ். ஒலிப்பதிவுக்கு உள்ளூர்க்காரர்களை அழைத்தால் அவர்கள் டோக்கியோ முறையில் படிக்க முயல்வார்கள். களைத்த பிறகு சொந்த ஊர்ச் சுருதி தலைகாட்டும். ஒலிகள் சமநிலையில் வருமாறு தேர்ந்தெடுத்த 503 வாக்கியங்கள் ஜப்பானியப் பேச்சாய்வில் பல ஆண்டுகளாகப் புழங்குபவை. அவற்றை ஒருவர் ஒலிபுகா அறையில் உட்கார்ந்து படித்து முடிப்பதற்குள், பாதிக்கு மேல் சுருதி மாறியிருப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கவனித்துக் குறித்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று.

சீனத்தில் தொனி என்னும் சுருதி வடிவமே சொல்லின் ஒரு பகுதி. தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் பொதுச்சீனத்தில் சுமார் 400 அசைகள்தான். தொனியோடு சேர்த்தால் சுமார் 1,300. ‘மாய்’ என்ற அசையை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. ‘தாங்’ முதல் தொனியில் சூப், இரண்டாம் தொனியில் சர்க்கரை. கடைத்தெருவில் பயன்படுத்த வேண்டிய கருவி இவற்றைக் குழப்பினால் அது எதற்கும் உதவாது. தென்சீனத்திலிருந்து வந்து பேசியவர்கள் பலர் நாமடித்துச் சொல்லும் ஒலிகளை நேராகவே சொன்னார்கள். அவர்கள் வாயில் நான்கும் பத்தும் கிட்டத்தட்ட ஒரே மெய்யோடு வந்தன. நான்கு நான்காம் தொனி, பத்து இரண்டாம் தொனி. மெய்யில் தொலைந்த வேறுபாட்டைத் தொனி காப்பாற்றியது. தொனியைக் கருவிக்குக் கற்றுத்தருவது எவ்வளவு அவசியம் என்பதை எனக்கு உணர்த்தியவை அந்த விலைப்பட்டியல் ஒலிப்பதிவுகள்தான்.

என் காதை நான் முழுமையாக நம்பவில்லை. ‘ப்ராட்’ என்ற மென்பொருளில் சுருதிக் கோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்பேன். பெய்ஜிங்கிலிருந்து வந்திருந்த சகா ஒருவர் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, “கோட்டைப் பார்க்காமல் சொல்லுங்கள், எந்தத் தொனி?” என்று கேட்பார். அவர் கேட்கும் ஜப்பானிய நெடில்களை நான் சரிபார்ப்பேன். இப்படி மாறி மாறிக் கற்பித்துக்கொண்டதால் எங்கள் குழுவில் யாரும் ஒரு மொழிக்கு மட்டும் உரியவராக இருக்கவில்லை.

சுருதியின் பொறியியல்

இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றதற்கு என் துறையில் மிகத் தெளிவான சான்று ஃபுஜிசாகி மாதிரி. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோயா ஃபுஜிசாகி, ஜப்பானிய வாக்கியத்தின் சுருதி ஏற்ற இறக்கத்தை இரண்டு வகைக் கட்டளைகளாகப் பிரித்தார். வாக்கியத்தொடர் முழுவதற்குமான மெல்லிய எழுச்சியும் சரிவும் ஒன்று. சொல்லழுத்தம் தரும் குறுகிய உயர்வு மற்றொன்று. இரண்டையும் மடக்கை அளவில் கூட்டினால் இயல்பான சுருதிக்கோடு கிடைத்துவிடும். குரல்நாண்களை இழுக்கும் தசைகளின் இயக்கத்தோடு அது பொருந்தியும் வந்தது.

அதே மாதிரியைச் சீனத்துக்குப் பொருத்தும் வேலையில் ஃபுஜிசாகியோடும், பின்னர் ஹிரோசே என்ற ஆய்வாளரோடும் சீன ஆய்வாளர்கள் சேர்ந்து உழைத்தார்கள். டோக்கியோ ஜப்பானியத்துக்குச் சுருதியை உயர்த்தும் கட்டளை மட்டும் போதும். சீனத்துக்கு அது போதவில்லை. மூன்றாம் தொனியில் சுருதி அடித்தளத்துக்கும் கீழே இறங்குகிறது. அதைக் காட்ட எதிர்மறைக் கட்டளை வேண்டியிருந்தது. முதல் தொனிக்கு நேர்மறை, இரண்டாம் தொனிக்கு எதிர்மறையைத் தொடர்ந்து நேர்மறை, மூன்றாம் தொனிக்கு எதிர்மறை, நான்காம் தொனிக்கு நேர்மறையைத் தொடர்ந்து எதிர்மறை. இப்படி நான்கு தொனிகளும் இரண்டு குறிகளுக்குள் அழகாக அடங்கின. சுருதியை முனைந்து கீழே இறக்க வேறு கழுத்துத் தசைகள் வேலை செய்கின்றன என்ற விளக்கமும் அதோடு வந்தது. ஜப்பானியத்துக்காகப் பிறந்த மாதிரி, சீனத்தைச் சந்தித்த பிறகே மனிதக் குரல்வளையைப் பற்றிய முழுமையான மாதிரியாக வளர்ந்தது. ஃபுஜிசாகியின் முன்முயற்சியில் 1990-இல் கோபே நகரில் தொடங்கிய பேச்சுமொழிச் சர்வதேச மாநாடு, 2000-இல் பெய்ஜிங்கில் நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இரு நாட்டு மாணவர்களும் ஒருவரையொருவர் சந்தித்துப் பழகிய இடங்கள் அவை.

இரண்டாவது சான்று நகோயாவிலிருந்து வந்தது. ‘ப’, ‘ச’ போன்ற வல்லொலிகள் ஒலிக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை. அந்தக் கணத்தில் சுருதி என்ற ஒன்றே கிடையாது. சுருதிக்கோட்டில் அங்கங்கே வரும் இந்தப் பள்ளங்களை இட்டு நிரப்புவதா, விட்டுவிடுவதா என்பது பெரிய தலைவலி. கெய்இச்சி தொக்குதா குழுவினர் 1999-இல் முன்வைத்த முறை, சுருதி இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் ஒரே நிகழ்தகவுச் சட்டகத்துக்குள் வைத்தது. ஜப்பானியக் குரலாக்கத்துக்காக வந்த முறை அது. 2006-இல் பெய்ஜிங்கிலிருந்த ஆய்வாளர்கள் அதைச் சீனப் பேச்சறிதலுக்குப் பயன்படுத்தித் தொனிப் பிழைகளைக் குறைத்தார்கள். குரலை உருவாக்கப் பிறந்த கணிதம் குரலை அறியவும் உதவியது. நகோயாக் குழு தன் மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று 2002 முதல் வெளியிட்டுவந்ததும் இதில் முக்கியம். திறந்துவைத்ததால்தான் அது கடல் கடந்தது.

எழுத்தாக்க விதிகள்

இவையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பிடித்த வெற்றிகள். கட்டுரைகளில் இடம்பெறாத வேலை எழுத்தாக்க விதிகளை வகுப்பது. இரண்டு தரப்புக்கும் அயலானாக இருந்ததால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வந்தது.

முதல் சிக்கல் எழுத்துருக் குறியாக்கம். ஜப்பானியக் கோப்புகள் ஷிஃப்ட்-ஜிஸ், இயுசி என்ற குறியாக்கங்களில் இருக்கும். சீனக் கோப்புகள் ஜிபி குறியாக்கத்தில் வரும். மாற்றித் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் தெரியும். ஜப்பானியர் இதற்கு ‘மொஜிபாகே’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தமிழில் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தோடு போராடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; எனக்கு அது புதிதல்ல. யுனிகோடுக்கு மாறிய பிறகும் கவனம் தேவைப்பட்டது. இரண்டு நாடுகளுக்கும் பொதுவான பல சித்திர எழுத்துகளுக்கு யுனிகோடு ஒரே எண்ணைத்தான் தருகிறது. எழுத்துருவைப் பொறுத்து அவற்றின் வடிவம் மாறும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அது எந்த மொழி என்ற குறிப்பைச் சேர்த்தே தீர வேண்டும் என்று விதி செய்தோம்.

அடுத்தது சொற்பிரிப்பு. இரண்டு மொழிகளிலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே வெட்டினால் ஒரு சொல் என்பதற்கு ஜப்பானியத் தரப்பு ஓர் அகராதியையும் சீனத் தரப்பு வேறொரு தரத்தையும் பின்பற்றின. சொற்கணக்கில் பிழையை அளந்தால் வெட்டும் முறையைப் பொறுத்து மதிப்பெண் மாறிவிடும். அதனால் எழுத்துக் கணக்கிலேயே பிழை விகிதத்தை அளப்பது என்று முடிவாயிற்று. சீனத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஜப்பானியத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது: ‘குழந்தை’ என்ற பொருள்தரும் ‘கொதொமோ’ என்ற சொல்லை இரண்டு சித்திர எழுத்துகளாலும் எழுதலாம், பாதி சித்திர எழுத்தும் பாதி ஹிராகனா என்ற ஒலியெழுத்துமாக எழுதலாம், முழுக்க ஹிராகனாவிலும் எழுதலாம். மூன்றும் சரி. கருவி ஒன்றை எழுதி, சரிபார்ப்பவர் மற்றொன்றை எழுதியிருந்தால் அது பிழையாகிவிடக் கூடாது. ஏற்கத்தக்க மாற்றுவடிவங்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கி, மதிப்பெண் போடும் முன் அதோடு ஒப்பிட்டோம். அந்தப் பட்டியலைப் பராமரிப்பது முடிவில்லாத வேலை; ஆனாலும் அதுதான் நேர்மையான வழி.

எண்களும் சோதித்தன. சீனத்தில் ஒன்று என்பது ‘யீ’. தொலைபேசி எண், அறை எண் சொல்லும்போது அதே ஒன்று ‘யாவ்’ ஆகிவிடும். ஜப்பானியத்தில் நான்கு ‘யோன்’ என்றும் ‘ஷி’ என்றும் வரும். ஏழு ‘நனா’ என்றும் ‘ஷிச்சி’ என்றும் வரும். நீளமான பொருள்களை எண்ணும்போது ‘இப்பொன், நிஹொன், சன்பொன்’ என்று ஒரே ஒட்டு எண்ணுக்கு எண் உருமாறும். விடுதி அறை எண்ணை எழுத்தாக்குபவர் இலக்கத்தில் எழுதிவிட்டால் பேசியவர் எதை ஒலித்தார் என்பது தொலைந்துவிடும்.

இதற்கெல்லாம் வழிகாட்டியது ‘தன்னியல்பு ஜப்பானியப் பேச்சுத் தரவகம்’. ஜப்பானிய தேசிய மொழி ஆய்வு நிறுவனமும் கூட்டாளி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி 2004-இல் வெளியிட்ட அந்தத் தரவகத்தில் சுமார் 660 மணிநேரப் பேச்சும் 70 லட்சம் சொற்களும் இருக்கின்றன. அதில் ஒவ்வொரு பேச்சுத்துண்டும் இரண்டு அடுக்குகளில் எழுதப்பட்டிருக்கும்: படிப்பவருக்கு உரிய வழக்கமான எழுத்துவடிவம் ஓர் அடுக்கு, வாய் உண்மையில் ஒலித்தது மற்றோர் அடுக்கு. இந்த ஈரடுக்கு முறையை நாங்கள் சீனத்துக்கும் கொண்டுபோனோம். சீனத்தில் மூன்றாம் தொனி அசைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக ஒலிக்கும். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கச் சொல்லிலேயே அது நடக்கிறது. அகராதித் தொனியை மேலடுக்கிலும் ஒலித்த தொனியைக் கீழடுக்கிலும் எழுதலாம் என்றதும், எந்தத் தொனியை எழுதுவது என்ற நெடுநாள் இழுபறி முடிவுக்கு வந்தது.

தயக்கச் சொற்களைப் பற்றி நடந்த விவாதத்தை நான் மறக்கவே மாட்டேன். ஜப்பானியர் பேச்சில் தயங்கும்போது ‘அனோ’ என்பார்கள். சீனர் ‘நேகெ’ என்பார்கள். இரண்டுக்கும் நேர்ப்பொருள் ‘அந்த’. மொழிபெயர்ப்புக் குழுவினர் இவற்றை எழுதவே வேண்டாம் என்றார்கள். இல்லாவிட்டால் கருவி ‘அந்த, அந்த’ என்று மொழிபெயர்க்கும். பேச்சறிதல் குழுவினர் ஒலித்தது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் கருவி அந்த ஒலியை வேறு ஏதோ சொல்லாக எடுத்துக்கொள்ளும். சீனத் தரப்பில் ஒரு மூத்தவர் எழுந்து, “பேசியவர் தயங்கினார் என்பதும் அவர் சொன்னதில் சேர்ந்ததுதானே?” என்றார். ஜப்பானியத் தரப்பில் ஒரு பேராசிரியர் சற்று யோசித்து, “அப்படியென்றால் தயக்கத்துக்கு ஒரு குறி வைப்போம். அது வேண்டாதவர் நீக்கிக்கொள்ளட்டும்” என்றார். பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா, உயிர் நீண்டு ஒலிக்கிறதா, பிறகு இடைவெளி இருக்கிறதா என்று மூன்று கேள்விகளால் தயக்கத்தைச் சுட்டுச்சொல்லிலிருந்து பிரிக்கலாம் என்று கண்டோம். இரண்டு மொழிகளுக்கும் ஒரே விதி பொருந்தியது.

கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன; அது இரு தரப்புக்கும் அன்னிய மொழி. வாதம் சிக்கிக்கொண்டால் யாராவது எழுந்து வெள்ளைப் பலகையில் சித்திர எழுத்துகளை எழுதுவார். மற்றவர் அதைப் பார்த்துத் தலையசைப்பார். அல்லது பக்கத்தில் வேறொரு எழுத்தை எழுதித் திருத்துவார். ஒலியால் சேர முடியாத இடத்தில் எழுத்தால் சேர்ந்து உரையாடும் பழக்கம் கிழக்காசியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. அதை ஓர் ஆய்வகத்தில் நேரில் பார்த்தது என் பேறு.

அந்த எழுத்துறவே சிக்கலாகும் இடமும் உண்டு: மனிதர்களின் பெயர்கள். ஜப்பானியர் ‘யமதா’ என்று சொல்லும் பெயரை, அதே எழுத்துகளைப் பார்த்துச் சீனர் ‘ஷான்தியான்’ என்று படிப்பார். ‘கியோட்டோ’ சீனத்தில் ‘ஜிங்து’ ஆகும். விடுதிப் பணியாளர் ‘ஷான்தியான்’ என்று அழைத்தால் யமதா திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் கருவியில் சீனக் குரலில் சீன ஒலிப்பையும், திரையில் எழுத்தோடு ஜப்பானிய ஒலிப்பையும் சேர்த்தே தருவதென்று முடிவெடுத்தோம். ஒருவரை அவர் பெயரால் அழைப்பது வெறும் துல்லியப் பிரச்சினை அல்ல, மரியாதை என்பதில் அந்தக் கூட்டத்தில் இருந்த எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

அவரவர் மொழி அவரவர் கையில்

2006-இல் ஆசிய நாடுகளின் பேச்சு மொழிபெயர்ப்புக் கூட்டமைப்பு உருவானது. 2009 ஜூலையில் ஜப்பானியம், சீனம், கொரிய மொழி, தாய், இந்தோனேசிய மொழி, மலாய், வியட்நாமிய மொழி, இந்தி ஆகியவற்றை இணையவழி இணைத்து அவர்கள் சோதனை நடத்தினார்கள். இந்தியாவிலிருந்து சி-டாக் என்ற ஆய்வு நிறுவனம் பங்கேற்றது. அந்த அமைப்பின் அடிப்படைக் கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது: எல்லா மொழிகளையும் ஒரே நிறுவனம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு நாடும் தன் மொழிக்கான பேச்சறிதலையும் குரலாக்கத்தையும் தன் சர்வரில் வைத்துக்கொள்ளட்டும். சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறை மட்டும் பொதுவாக இருக்கட்டும். அந்தப் பொதுமுறையை ஒட்டி 2010-இல் ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இரண்டு தரங்களை வெளியிட்டது. ஒரு மொழியின் நுணுக்கத்தை அதைப் பேசுகிறவர்களே காக்க வேண்டும், ஆனால் தனித்து நிற்கவும் கூடாது என்ற எண்ணத்தைப் பொறியியல் வடிவில் நான் பார்த்தது அங்கேதான்.

பிறகு நரம்பணு வலைப்பின்னல்களின் காலம் வந்தது. 2018-இல் வெளிவந்த ஈஎஸ்பிநெட் என்ற திறந்த மென்பொருள், பேச்சிலிருந்து நேரடியாக எழுத்துக்குப் போனது. ஒலிப்பகராதியோ சொற்பிரிப்போ வேண்டியதில்லை. முதல் கட்டுரையிலேயே ஆங்கிலத்தோடு ஜப்பானியத்திலும் சீனத்திலும் அதைச் சோதித்துக் காட்டியிருந்தார்கள். ஜப்பானியச் சோதனைக்குப் பயன்பட்டது நான் மேலே சொன்ன அதே 660 மணிநேரத் தரவகம். சொற்களை எங்கே வெட்டுவது என்று நாங்கள் நடத்திய விவாதங்களை அந்தத் தொழில்நுட்பம் தேவையற்றதாக்கியது. எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் எழுத்தாக்கம் கவனமாகச் செய்யப்பட்டிராவிட்டால் அந்தப் புதிய கருவி எதைப் பார்த்துக் கற்றிருக்கும்? நிரல்கள் மாறின; மனிதர்கள் காதால் கேட்டு ஒப்புக்கொண்டு எழுதியவை நிலைத்தன.

இன்று ஒலிப்பதிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவது முன்புபோல் எளிதல்ல. குரல் ஒருவரை அடையாளம் காட்டும் தனிப்பட்ட தகவல். சீனாவில் 2021-இல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டங்கள் இதில் கடுமையானவை. ஜப்பானிலும் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பேசியவரின் சம்மதம் இல்லாமல் அவர் குரல் பயணம் செய்யக் கூடாது என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இந்த நிலையில் தரவைப் பகிர முடியாவிட்டாலும் விதிகளைப் பகிரலாம். எழுத்தாக்கக் கையேடு, மதிப்பெண் போடும் நிரல், ஏற்கத்தக்க மாற்றுவடிவங்களின் பட்டியல், பயிற்சி முறைகள் ஆகிய எவற்றிலும் யாருடைய குரலும் இல்லை. அவை இருந்தால் இரண்டு நாட்டுக் குழுக்கள் தத்தம் ஊரில் இருந்தபடியே ஒரே வேலையைச் செய்யலாம்.

தமிழுக்கும் இந்த வேலையின் பயன் வந்து சேர்ந்திருக்கிறது. நகோயாக் குழு திறந்துவைத்த குரலாக்க மென்பொருளைக் கொண்டு, சென்னை ஐஐடி முன்னின்ற கூட்டமைப்பு தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்குக் குரல்களை உருவாக்கியது. ஆனால் அந்த ஈரடுக்கு எழுத்தாக்கத்தை நாம் இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுகிறோம், ‘வந்துட்டேன்’ என்கிறோம், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவிலிலும் அது வேறு வேறாக ஒலிக்கிறது. எழுத்துத்தமிழை மட்டும் எழுதிவைத்தால் கருவிக்கு நம் பேச்சு புரியாது; பேச்சை மட்டும் எழுதினால் ஒரே சொல் பத்து வடிவங்களாகச் சிதறும். இரண்டு அடுக்குகளும் வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளிலுள்ள தமிழ்க் குழுக்கள் கூடி ஒரே கையேட்டை எழுத வேண்டும்.

கூட்டாய்வு என்றதும் ஒப்பந்தத்தையும் நிதியையும் பயணத்தையும் நினைக்கிறோம். அவை தேவைதான். ஆனால் ஒரே ஒலிப்பதிவை இரண்டு ஊர்களில் இரண்டு பேர் கேட்டு, தனித்தனியே எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே ஏன் வேறுபட்டோம் என்று பேசித் தீர்க்கிறார்களே, கூட்டாய்வு தொடங்குவது அங்கேதான். இத்துறைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தை அதற்கே ஒதுக்குங்கள். கருவிகள் எத்தனை மாறினாலும் அந்த மாதத்தில் நீங்கள் எழுதும் விதிகள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.